லினக்ஸ் கறுப்புத் திரையில் கீபோர்டு தப்பாகத் தட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைகலை எதுவும் இல்லாமல் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக வந்து நிற்கும் லினக்ஸ் கன்சோலைப் பற்றிய பக்கம் இது. இதைப் படிக்கும்போது உங்கள் கையில் கைப்பேசி இருக்கும், எதிரே சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு கீபோர்டு இருக்கும். அதனால் கட்டளைகளை, போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மாதிரி, உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

@ தட்டினால் " வருகிறது, # தட்டினால் £ வருகிறது. கீபோர்டு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கணினி உங்கள் கீபோர்டை பிரிட்டிஷ் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அமெரிக்க லேஅவுட். அதில் ஷிஃப்டோடு 2 என்றால் @. பிரிட்டிஷ் லேஅவுட்டில் அதே இடத்தில் இரட்டை மேற்கோள் குறி இருக்கும், @ வலப்பக்கம் என்டர் விசைக்கு அருகே போய்விடும்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கிய பலருக்கு முதல் நாளே இந்த அனுபவம் உண்டு. அதைச் செய்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் என்பதால் அதன் இயங்குதளம் நெடுங்காலமாகவே பிரிட்டிஷ் லேஅவுட்டோடுதான் வந்தது. எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் முதலில் எதுவும் தெரியாது. வைஃபை பாஸ்வேர்டில் @ இருந்தால்தான் மாட்டிக்கொள்வோம். இன்னொரு தொல்லை, | என்ற நேர்கோட்டுக் குறி. அமெரிக்கக் கீபோர்டில் என்டருக்கு மேலே அது அச்சிடப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் லேஅவுட் ஏறியிருக்கும்போது அந்த விசை # தரும், ஷிஃப்டோடு அழுத்தினால் ~ தரும். | குறியோ இடது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கூடுதல் விசைக்குப் போய்விட்டிருக்கும். நம் கீபோர்டில் அந்த விசையே கிடையாது!

ராஸ்பெர்ரி பையில் சரிசெய்ய: 'சுடோ ராஸ்பி-கான்ஃபிக்' என்று தட்டி, லோக்கலைசேஷன் பகுதிக்குள் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். மாடல் கேட்டால் ஜெனரிக் 105 விசை என்பதே போதும். அடுத்து வரும் பட்டியலில் பிரிட்டிஷ் வகைகள் மட்டுமே வரிசையாகத் தெரியும். அமெரிக்கா இல்லையே என்று அங்கேயே திரும்பிவிடாதீர்கள். கடைசியில் 'அதர்' என்று ஒன்று இருக்கும், அதற்குள் போனால் இங்கிலீஷ் (யுஎஸ்) கிடைக்கும்.

நான் அழுத்தும் விசையில் @ என்று அச்சிட்டிருக்கிறதே, அதைக் கணினி பார்க்காதா?

பார்க்காது. விசையின் தலையில் அச்சடித்திருப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும். கீபோர்டு அனுப்புவது 'இந்த இடத்தில் உள்ள விசை அழுந்தியது' என்ற செய்தியை மட்டுமே. அதற்கு ஸ்கேன்கோடு என்று பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை ஒரு கீகோடு எண்ணாக மாற்றும். எஸ்கேப் 1, பேக்ஸ்பேஸ் 14, ஆங்கில 'ஏ' 30, கேப்ஸ் லாக் 58. அந்த எண்ணை எந்த எழுத்தாக்குவது என்று சொல்லும் அட்டவணைதான் கீமேப். நம் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிப் படியில் உள்ளவை.

1991-இல் வந்த லினக்ஸ் 0.01-இல் இந்த அட்டவணை கெர்னலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது, அதுவும் ஃபின்னிஷ் கீபோர்டுக்கு. லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் வைத்திருந்தது அதுதானே. ஆக, தன் கீபோர்டுக்கு ஒத்துவராத லினக்ஸோடு மல்லுக்கட்டுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

டெஸ்க்டாப் செட்டிங்ஸில் மாற்றிவிட்டேன். கன்சோலில் ஏன் மாறவில்லை?

ஒரே கணினிக்குள் கீமேப் பல இடங்களில் தனித்தனியாகக் குடியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கணினியைப் போட்டவுடன் வரும் க்ரப் பட்டியலுக்குத் தனி அட்டவணை. வட்டு குறியாக்கத்துக்கான பாஸ்வேர்டு கேட்கும் ஆரம்பக் கட்டத்துக்கு, அதாவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு, தனிப் பிரதி. அதற்குப் பிறகு வரும் கறுப்புக் கன்சோல் கெர்னலில் ஏற்றிய கீமேப்பைப் பார்க்கும். க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்கள் எக்ஸ்கேபி என்ற வேறொரு ஏற்பாட்டைப் பார்க்கும். இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக வந்தால் இவை எதுவுமே பொருட்டில்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் லேஅவுட்தான் செல்லும்.

ஆகவே சரிசெய்யத் தொடங்கும் முன், எந்த இடத்தில் தப்பாகத் தட்டுகிறது என்று முதலில் பாருங்கள். டெஸ்க்டாப்பில் மாற்றியது அந்த டெஸ்க்டாப்புக்குள் மட்டும். அதேபோல், கன்சோலில் ஏற்றிய கீமேப் டெஸ்க்டாப்பை ஒன்றும் செய்யாது. இரண்டையும் சேர்த்து மாற்றும் கட்டளைகளும் உண்டு, அவை பின்னால் வரும்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், 'லாகின் இன்கரெக்ட்' என்கிறது. லேஅவுட்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. பெயர் கேட்கும் இடத்தில் தெரியும். அந்த லாகின் வரியில் பாஸ்வேர்டில் உள்ள குறிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். @ தட்டினால் @ வருகிறதா, # தட்டினால் # வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் கன்ட்ரோல்-யூ அழுத்தி வரியை அழித்துவிடுங்கள். தப்பித்தவறி என்டர் அழுத்திவிட்டால், தட்டியது தோல்வியடைந்த பயனர் பெயராகப் பதிவேட்டில் ஏறக்கூடும். முழு பாஸ்வேர்டையும் அங்கே தட்டாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். கேப்ஸ் லாக் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரைமணி நேரம் தேடிவிட்டு அந்த விளக்கைப் பார்த்த நாள் எனக்கும் உண்டு.

இப்போதைக்கு மட்டும் லேஅவுட்டை மாற்ற என்ன செய்வது?

'சுடோ லோட்கீஸ் யுஎஸ்'. லோட், கீஸ் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாகத் தட்ட வேண்டும். அவ்வளவுதான், அந்த நொடியிலேயே மாறிவிடும். எல்லா மெய்நிகர் கன்சோல்களுக்கும் அட்டவணை ஒன்றே என்பதால் ஒன்றில் மாற்றினால் மற்ற எல்லாவற்றிலும் மாறும். கணினியை மறுதொடக்கம் செய்தால் பழையபடி ஆகிவிடும், எனவே பயமில்லாமல் முயன்று பார்க்கலாம்.

லேஅவுட் பெயரே நினைவில்லையென்றால் 'சுடோ லோட்கீஸ் -டி' போதும், இயல்பான அட்டவணை வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், தப்பான லேஅவுட்டில் இருந்துகொண்டே இந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும். ஜெர்மன் லேஅவுட் ஏறியிருந்தால் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். லோட்கீஸில் உள்ள ஒய்க்காக உங்கள் கீபோர்டில் இசட்டை அழுத்துங்கள். கழித்தல் குறி வேண்டுமென்றால் சாய்கோட்டு விசை, சாய்கோடு வேண்டுமென்றால் ஷிஃப்டோடு 7. பிரெஞ்சு லேஅவுட் என்றால் ஏயும் கியூவும் மாறியிருக்கும், ஆகவே லோட்கீஸில் உள்ள ஏக்காகக் கியூவை அழுத்த வேண்டும். இந்தக் கட்டளையில் உள்ள மற்ற எழுத்துகள் அந்தந்த இடத்திலேயே இருக்கும்.

எண்பலகை உள்ள பெரிய கீபோர்டாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இடது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 64 தட்டி விரலை எடுத்தால் @ வரும். 35 தட்டினால் #, 47 தட்டினால் /, 124 தட்டினால் |. விண்டோஸில் மட்டும்தான் இது உண்டு என்று பலர் நினைக்கிறார்கள், லினக்ஸ் கன்சோலிலும் உண்டு. பாஸ்வேர்டில் ஒரே ஒரு குறி மட்டும் மாட்டிக்கொண்டால் இது கைகொடுக்கும்.

லோட்கீஸ் தட்டினால் 'கன்சோலுக்கான ஃபைல் டிஸ்கிரிப்டர் கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஏதோ சொல்கிறது.

நீங்கள் உண்மையான கன்சோலில் இல்லை. டெஸ்க்டாப்புக்குள் திறந்த டெர்மினல் ஜன்னலிலோ எஸ்எஸ்எச்சிலோ இருக்கிறீர்கள். அவை பார்க்கக் கன்சோல் மாதிரி இருந்தாலும், அங்கே கெர்னலின் கீமேப்புக்கு வேலை இல்லை. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி நிஜக் கன்சோலுக்குப் போய் அங்கே தட்டுங்கள். மடிக்கணினி என்றால் கூடவே எஃப்என் விசையும் தேவைப்படலாம். எஸ்எஸ்எச்சில் இருந்துதான் ஆக வேண்டும் என்றால் 'சுடோ லோட்கீஸ் -சி /டெவ்/டிடிஒய்1 யுஎஸ்' என்று எந்தக் கன்சோல் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். இதில் -சி மட்டும் பெரிய எழுத்து.

மறுதொடக்கம் செய்தாலும் மாறாமல் நிற்க வேண்டும்.

இங்கேதான் ஊருக்கு ஒரு வழக்கம்.

ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் 'சுடோ லோக்கல்சிடிஎல் செட்-கீமேப் யுஎஸ்'. பெயரில் லோக்கலுக்குப் பின் இ என்ற எழுத்து உண்டு, அதன் பிறகுதான் சிடிஎல். இது /இடிசி/விகன்சோல்.கான்ஃப் என்ற கோப்பில் எழுதி வைக்கும். கோப்பைக் கையாலும் திருத்தலாம்: 'கீமேப்=யுஎஸ்'. இடதுபக்கம் உள்ள கீமேப் முழுக்கப் பெரிய எழுத்து, வலதுபக்கம் சிறிய எழுத்து, சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. லோக்கல்சிடிஎல் கன்சோலை மாற்றும்போது, பொருத்தமான வரைகலை லேஅவுட்டையும் தானே தேடி மாற்றிவிடும். அது வேண்டாமென்றால் '--நோ-கன்வர்ட்' சேர்த்துக்கொள்ளுங்கள். கன்சோலை மட்டும் மாற்றப் போய் டெஸ்க்டாப்பும் மாறிப்போனதாக வரும் புகார்களுக்கு இதுதான் காரணம்.

டெபியன், உபுண்டு, ராஸ்பெர்ரி பை குடும்பத்தில் பாதை வேறு. அங்கே /இடிசி/டீஃபால்ட்/கீபோர்டு என்ற கோப்பு. 'சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன்' என்று தட்டினால் கேள்வி கேட்டுக் கேட்டு அதை நிரப்பும். முடிந்ததும் கன்சோலில் 'சுடோ செட்அப்கான்' தட்டுங்கள், உடனே நடைமுறைக்கு வரும். இந்தக் குடும்பம் கன்சோலுக்கும் வரைகலைக்கும் ஒரே எக்ஸ்கேபி பெயர்களை வைத்துக்கொண்டு, கன்சோலுக்கான கீமேப்பை அதிலிருந்து தானே சமைத்துக்கொள்கிறது. என் அபிப்பிராயத்தில் இதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் ஃபெடோராவுக்கு எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு டெபியனில் வேலை செய்பவருக்குப் பொழுது வீண்தான்.

பிரிட்டிஷ் லேஅவுட்டுக்குப் பெயர் 'யுகே'யா, 'ஜிபி'யா?

இரண்டும். கன்சோல் கீமேப் கோப்புகளில் 'யுகே'. எக்ஸ்கேபியில், அதனால் டெபியனின் கோப்பிலும், 'ஜிபி'. உக்ரைனுக்கு இரண்டிலும் 'யுஏ'. சந்தேகம் வந்தால் 'லோக்கல்சிடிஎல் லிஸ்ட்-கீமேப்ஸ்' தட்டிப் பட்டியலைப் பாருங்கள். கோப்புகளை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் ஆர்ச்சில் /யுஎஸ்ஆர்/ஷேர்/கேபிடி/கீமேப்ஸ், ஃபெடோராவில் /யுஎஸ்ஆர்/லிப்/கேபிடி/கீமேப்ஸ்.

நாடு இந்தியா என்பதால் லேஅவுட்டையும் 'இன்' என்று போட்டேன். இப்போது என் பெயரைக்கூடத் தட்ட முடியவில்லை.

எக்ஸ்கேபியில் 'இன்' என்று வெறுமனே போட்டால் தேவநாகரி. கன்சோலில் அந்த எழுத்துகளைக் காட்டும் எழுத்துருவும் இருக்காது. கேள்விக்குறியும் கட்டமுமாக வரும். நீங்கள் கேட்க நினைத்தது 'இன்' லேஅவுட்டில் 'இஎன்ஜி' என்ற உள்வகை, அதாவது ரூபாய்க் குறி சேர்த்த ஆங்கிலம். கன்சோலுக்கு அதுகூட வேண்டாம், வெறும் 'யுஎஸ்' போதும். 2010-க்குப் பிறகு வந்த கீபோர்டுகள் பலவற்றில் 4-ஆம் எண் விசையில் ₹ அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இது வேறு லேஅவுட்டோ என்று குழம்ப வேண்டாம். மற்றபடி அது அச்சு அசல் அமெரிக்கக் கீபோர்டுதான்.

மீள்வதற்கு எளிய வழி இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் வந்து கோப்பைத் திருத்துவது. அது முடியாவிட்டால் க்ரப் பட்டியலில் இ விசையை அழுத்துங்கள். க்ரப்பின் அட்டவணை தனி என்றேன் அல்லவா, அங்கே ஆங்கிலம் ஒழுங்காகத் தட்டும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' சேர்த்துத் தொடங்கினால், கீமேப் ஏற்றும் சேவைகள் ஓடும் முன்பே ஒரு கட்டளை வரி கிடைக்கும். 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' என்று எழுதும் உரிமையை வாங்கிக்கொண்டு, கோப்பில் 'இன்' உள்ள இடத்தில் 'யுஎஸ்' போட்டுவிட்டு, 'செட்அப்கான் --சேவ்-ஒன்லி' தட்டிப் பழைய பிரதியையும் புதுப்பித்துவிடுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் இந்த வழியிலும் பழைய கீமேப் முன்கூட்டியே ஏறியிருக்கக்கூடும், அப்போது எஸ்எஸ்எச்தான் கதி.

கன்சோலில் எல்லாம் சரி. ஆனால் கணினி தொடங்கும்போது வட்டின் குறியாக்கப் பாஸ்வேர்டை மட்டும் ஏற்க மறுக்கிறது.

இது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது.

அந்தப் பாஸ்வேர்டு கேட்கப்படும்போது உங்கள் முதன்மை வட்டு இன்னும் திறக்கப்படவில்லை. அப்படியானால் வட்டுக்குள் இருக்கும் கீமேப் அமைப்பைக் கணினி எப்படிப் படிக்கும்? படிக்காது. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொட்டலத்துக்குள் கட்டிவைத்த பழைய பிரதியைத்தான் பார்க்கும். லேஅவுட்டை மாற்றினால் பொட்டலத்தையும் மறுபடி கட்ட வேண்டும். டெபியனில் 'சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ'. ஃபெடோராவில் 'சுடோ டிராகட் -எஃப்'. ஆர்ச்சில் 'சுடோ எம்கேஇனிட்சிபிஐஓ -பி', இதில் பி பெரிய எழுத்து. ஆர்ச்சில் ஹூக்ஸ் வரிசையையும், அதாவது பொட்டலத்துக்குள் எவை எந்த வரிசையில் ஓட வேண்டும் என்ற பட்டியலையும், பாருங்கள். 'என்கிரிப்ட்' வருவதற்கு முன்னால் 'கீபோர்டு', 'கீமேப்' இரண்டும் வந்திருக்க வேண்டும். சிஸ்டம்டி வகை ஹூக்குகள் என்றால் கீமேப்புக்குப் பதில் 'எஸ்டி-விகன்சோல்'.

இனி இதன் இரண்டாவது முடிச்சு. பாஸ்வேர்டை முதன்முதலில் எந்த லேஅவுட்டில் தட்டினீர்கள்? ஒருமுறை ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வரை நிறுவும்போது லேஅவுட் பிரிட்டிஷ் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பாஸ்வேர்டில் ஷிஃப்ட்-2 அழுத்தினேன். என் கணக்கில் அது @. வட்டின் கணக்கில் இரட்டை மேற்கோள் குறி. தட்டியது திரையில் தெரியாது, இரண்டு முறை கேட்டபோதும் ஒரே விசையைத்தான் அழுத்தினேன், அதனால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. மூன்று மாதம் கழித்து வேறு காரணத்துக்காக லேஅவுட்டை அமெரிக்கன் ஆக்கிப் பொட்டலத்தையும் ஒழுங்காகக் கட்டினேன். அடுத்த மறுதொடக்கத்தில் கதவு சாத்திக்கொண்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்ததால் வந்த வினை! கடைசியில் @ இருக்க வேண்டிய இடத்தில் " தட்டியதும் திறந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால், பாஸ்வேர்டில் உள்ள குறிகளை மட்டும் பழைய லேஅவுட்டின் கண்ணோடு பாருங்கள். அமெரிக்கன், பிரிட்டிஷ் இரண்டுக்கும் இடையே இடம் மாறுபவை @ " # ~ \ | £ இவையும், எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையை ஷிஃப்டோடு அழுத்தினால் வருவதும்தான்.

அதற்குப் பிறகு எந்த வட்டைக் குறியாக்கம் செய்தாலும் இரண்டாவது பாஸ்வேர்டு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், குறிகள் எதுவும் இல்லாமல், சிறிய எழுத்துகள் மட்டும், நீளமாக. லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான லக்ஸின் முதல் பதிப்பில் 8 சாவிகளுக்கு இடம் உண்டு, இரண்டாம் பதிப்பில் 32. 'சுடோ கிரிப்ட்செட்அப் லக்ஸ்ஆட்கீ' என்று தட்டி வட்டுப் பகுதியின் பெயரைக் கொடுத்தால் போதும். இதில் ஆட்டின் ஏயும் கீயின் கேயும் பெரிய எழுத்து.

க்ரப்பே பாஸ்வேர்டு கேட்கிறது. அங்கே?

இயல்பாக அமெரிக்க லேஅவுட். மாற்ற முடியும், க்ரப்-கேபிடிகாம்ப் கொண்டு தனி லேஅவுட் கோப்பு தயாரித்து உள்ளீட்டு முறையையும் மாற்ற வேண்டும். ஒரு பாஸ்வேர்டுக்காக இவ்வளவு பாடு தேவையில்லை, குறிகள் இல்லாத பாஸ்வேர்டாக மாற்றிக்கொள்வதே மேல்.

மெய்நிகர் கணினியின் கன்சோலை உலாவியில் திறந்தால் மட்டும் குறிகள் மாறுகின்றன. எஸ்எஸ்எச்சில் சரியாக இருக்கிறது.

எஸ்எஸ்எச்சில் எழுத்து எழுத்தாகவே போகிறது, அதனால் சிக்கலே இல்லை. உலாவிக் கன்சோல் பெரும்பாலும் விஎன்சி என்ற தொலைத் திரை முறை. உங்கள் கணினி ஒரு விசையை @ என்று எழுத்தாக்குகிறது. மறுமுனையில் மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஇஎம்யூ அந்த @-ஐ, தன்னிடம் உள்ள அட்டவணைப்படி மறுபடி விசை எண்ணாக்குகிறது. உள்ளே இருக்கும் லினக்ஸ் தன் கீமேப்படி அதைத் திரும்பவும் எழுத்தாக்குகிறது. ஒரு கடிதத்தை இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் கை மாற்றிக் கொடுப்பது மாதிரி. நடுவில் இருப்பவரும் உள்ளே இருப்பவரும் ஒரே லேஅவுட்டை நம்பினால்தான் @ முழுசாகப் போய்ச் சேரும். உள்ளே 'யுஎஸ்' வைத்து, வெளி அமைப்பிலும் 'இஎன்-யுஎஸ்' வைத்துவிடுங்கள். சர்வர்களோடு வரும் தொலைக் கன்சோல் பலகைகள் பலவும் அமெரிக்க லேஅவுட்டையே எதிர்பார்க்கின்றன. நீளமான பாஸ்வேர்டை அங்கே ஒட்டுவதற்கு முன் லாகின் வரியில் குறிகளைத் தட்டிப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

சீரியல் கன்சோலுக்குக் கீமேப் என்ற பேச்சே இல்லை. அங்கேயும் எழுத்துகளாகவே வருகின்றன.

எதைத் தட்டினாலும் அசைவே இல்லை.

முதலில் கன்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள், கன்சோலில் அது திரையை நிறுத்திவைக்கும் விசை. ஸ்க்ரோல் லாக்கும் அதையே செய்யும், இன்னொரு முறை அழுத்தினால் விடும்.

அது இல்லையென்றால், வரைகலை அமைப்பு இடையில் சரிந்து விழுந்து கீபோர்டைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்போது கீபோர்டு 'ரா' நிலையில், அதாவது கன்சோல் அதை எழுத்தாக்காத நிலையில், மாட்டிக்கொண்டிருக்கும். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு ஆர் அழுத்துங்கள், கெர்னல் கீபோர்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பிறகு கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2. இங்கே ஆர் என்பது அமெரிக்கக் கீபோர்டில் ஆர் இருக்கும் இடம், ஏறியிருக்கும் லேஅவுட் எதுவானாலும் சரி. உபுண்டுவில் இந்த விசைச் சேர்க்கைக்கு இயல்பாக அனுமதி இல்லை. அங்கே கெர்னலின் சிஸ்ரிக்யூ மதிப்பு 176, கீபோர்டை மீட்க 4 என்ற பகுதியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே 180 என்று மாற்றி வைத்திருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் எஸ்எஸ்எச்சில் வந்து 'சுடோ கேபிடி_மோட் -யூ -சி /டெவ்/டிடிஒய்1' தட்டுங்கள், -சி பெரிய எழுத்து. கீமேப்பைப் போல இது எல்லாக் கன்சோலுக்கும் பொது அல்ல. மாட்டிக்கொண்ட கன்சோலின் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

யு, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 வருகிறது.

பழைய மடிக்கணினி, நம் லாக் (Num Lock) விழுந்திருக்கிறது. எஃப்என்னோடு நம் லாக்கை அழுத்துங்கள். லேஅவுட்டில் கை வைக்க வேண்டாம்.

ஒற்றை மேற்கோள் தட்டினால் உடனே வருவதில்லை, அடுத்த எழுத்து தட்டிய பிறகுதான் ஏதோ வருகிறது.

'யுஎஸ்-அசென்டோஸ்' போன்ற சர்வதேச வகை ஏறியிருக்கிறது. அதில் மேற்கோள் குறி, அடுத்து வரும் உயிரெழுத்தின் தலையில் கோடு போடக் காத்திருக்கும். வெறும் 'யுஎஸ்' ஏற்றுங்கள். அதுவரை, மேற்கோளுக்குப் பின் இடைவெளி விசையை அழுத்தினால் மேற்கோள் மட்டும் வரும்.

எஃப்1 முதல் எஃப்5 வரை வேலை செய்யவில்லை. மற்றவை செய்கின்றன.

'எக்கோ $டெர்ம்' தட்டிப் பாருங்கள், டெர்ம் பெரிய எழுத்தில். நிஜக் கன்சோலில் 'லினக்ஸ்' என்று வர வேண்டும். யாரோ தொடக்கக் கோப்பில் 'எக்ஸ்டெர்ம்' என்று எழுதி வைத்திருப்பார்கள். முதல் ஐந்து விசைகளுக்குக் கன்சோல் அனுப்பும் குறியீடு வேறு, எக்ஸ்டெர்ம் எதிர்பார்ப்பது வேறு. அந்த வரியை நீக்குங்கள்.

ஒரு குறிப்பிட்ட விசை மட்டும் எதுவும் செய்வதில்லை. விசை போய்விட்டதா, அட்டவணையில் இல்லையா?

கன்சோலில் 'சுடோ ஷோகீ' தட்டிவிட்டு அந்த விசையை அழுத்துங்கள். 'கீகோடு 86 பிரஸ்' என்பது மாதிரி ஒரு வரி வந்தால் விசை உயிரோடு இருக்கிறது, அட்டவணையில்தான் அதற்கு வேலை தரவில்லை. ஷோகீயிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தவிக்க வேண்டாம், 10 நொடி எதையும் தொடாமல் இருந்தால் அதுவே முடிந்துவிடும். கன்ட்ரோல்-சி அடித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த 10 நொடி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்!

வரி எதுவுமே வரவில்லை என்றால் 'டிமெசேஜ்' பார்க்கலாம். அதன் பெயரைத் தட்டும்போது டி, எம், இ, எஸ், ஜி என ஐந்தே எழுத்து. தெரியாத விசை என்று கெர்னல் புகார் சொல்லி, 'செட்கீகோட்ஸ்' தட்டச் சொல்லியிருந்தால், மடிக்கணினித் தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு வைத்த விசை அது. அங்கேயும் மௌனம் என்றால் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசியை உதறுங்கள்.

கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்ற முடியுமா?

முடியும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். டெபியனில் கீபோர்டு கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் 'கன்ட்ரோல்:நோகேப்ஸ்' என்று போடலாம், கன்ட்ரோலைச் சுருக்கமாக சி, டி, ஆர், எல் என்று நான்கு எழுத்தில். மற்றவற்றில் 58-ஆம் விசைக்கு ஒரு வரி எழுதிய கோப்பே போதும்: 'கீகோடு 58 = கன்ட்ரோல்', இங்கே கன்ட்ரோல் முழுச் சொல், முதல் எழுத்து பெரியது. அந்தக் கோப்பை லோட்கீஸுக்குக் கொடுங்கள். தொடும் முன் 'டம்ப்கீஸ்' கொண்டு இப்போதைய அட்டவணையை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சோலில் தமிழ் தட்ட முடியுமா?

தட்டுவது பாதி முடியும், பார்ப்பது முடியாது. 30-ஆம் விசைக்கு 'அ' என்று ஒரு கீமேப் எழுதி லோட்கீஸுக்குக் கொடுத்தால் கெர்னல் மறுக்காது. கோப்பில் சரியான மூன்று பைட்டுகள் போய் விழும். ஆனால் கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான், ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம். 'கொ' என்று எழுத ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் போட வேண்டுமே, அந்த இடமாற்றம் கெர்னலுக்குத் தெரியாது.

தட்டுவதிலும் பாதி என்றேன். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையில் 'க' விசையை இரண்டு முறை அழுத்தினால் 'க்க' என்று நடுப்புள்ளி தானாக விழும். அதற்கு முன்னால் தட்டிய எழுத்து என்ன என்று நினைவில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கீமேப் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்பதோடு சரி. நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை வரைகலைச் சூழலில் ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருள்கள் செய்கின்றன. கன்சோலே உள்ள சர்வரில் தமிழ்க் கோப்பைத் திருத்த வேண்டுமென்றால், தமிழ் ஒழுங்காகத் தட்டும் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் வாருங்கள்.